அமெரிக்கக்காரனுக்குக் கட்டிய வெள்ளைக்கொடி

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஓர் அமெரிக்க ராப் பாடகனின் வாழ்க்கை முழுவதும் மனப்பாடம். சொந்தத் தாத்தாவின் பெயரைக் கேட்டால் யோசிப்பேன். இவன் எந்த வயதில் என்ன செய்தான் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். எல்லாம் அண்ணனால் வந்தது.

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபின் எனக்குத் தலை பின்னிவிடும் பொறுப்பு அண்ணன் தலையில் விழுந்தது. சாதாரணதரப் பரீட்சையில் கணிதத்தைக் கோட்டைவிட்டு, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவன் சும்மா இருந்தான். அவன் பின்னினால் ஒரு பின்னல் காதுக்கு மேலே நிற்கும், மற்றது கழுத்துக்குக் கீழே இறங்கிவிடும். நான் சிணுங்காமல் இருக்க அந்தப் பாடகனின் கதையைத் தினமும் கொஞ்சம் சொல்வான். பாடகனின் அம்மா ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கப் போய்விடுவாராம். வீட்டில் தனியாகக் கிடந்தவன் துணி அலமாரிக்குள் புகுந்துகொண்டு போனிலேயே பாடிப் பதிந்து இன்டர்நெட்டில் போட்டானாம். முதல் பாட்டைப் பதினொரு பேர் கேட்டார்களாம். பதினெட்டு வயதில் அவன் போகுமிடமெல்லாம் கூட்டம். அம்மாவுக்கு ஒரு வீடு வாங்கிக் கொடுத்து, இனி வேலைக்கே போகக் கூடாது என்று சொல்லிவிட்டானாம். இந்த இடம் வந்ததும் சீப்பு நின்றுவிடும்.

"நானும் வாங்கிக் குடுப்பேன் பாரு," என்பான் அண்ணன். அவன் ஒரு வரி பாடியும் நான் கேட்டதில்லை.

அம்மாவின் அழைப்பும் அண்ணனின் போனுக்குத்தான் வரும். அப்போது இரண்டு மாதமாக அது வரவில்லை. அப்பா தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை முடிந்து வந்ததும், "பேசுனாளா?" என்று கேட்பார். அண்ணன் இல்லையென்று தலையாட்டுவான். அதற்குமேல் வீட்டில் பேச்சு இருக்காது. மூன்று பேர் இருந்த ஒற்றை அறைக் காம்பராவில் எனக்கு யாருமே இல்லாதது போலிருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை அண்ணன் போனைப் பார்த்துத் தேம்பினான்.

"செத்துட்டான் பாப்பா. இருவது வயசுதான்," என்று சொல்லிவிட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டான்.

நானும் அழுதேன். பிறகு, இவ்வளவு வேண்டியவன் செத்தும் கொடி கட்ட ஆளில்லையே என்று தோன்றியது. எங்கள் பக்கம் சாவு விழுந்தால் றோட்டிலிருந்து சாவு வீட்டு வாசல் வரை வெள்ளைக்கொடி கட்டுவார்கள். வருகிறவர்களுக்கு அதுதான் வழி காட்டும். நான் ஒரு வெள்ளை உரப்பையை எடுத்துக் கீலம் கீலமாக வெட்டி, றோட்டிலிருந்து எங்கள் காம்பரா வரை கட்டி முடித்தேன். வேலை சுத்தமாகத்தான் இருந்தது.

எதிர்மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். ஒரே கூச்சல். கூடைகளைப் போட்டது போட்டபடி பெண்கள் இறங்கி ஓடி வந்தார்கள். பக்கத்துக் காம்பராப் பெரியம்மா என்னைக் கட்டிப்பிடித்துக் கதறினார். அவருக்கும் அந்தப் பாடகனைத் தெரிந்திருந்தது எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்பா ஸ்டோரிலிருந்து ஓடி வந்தார். தலைமுடியெல்லாம் தேயிலைத் தூசி. வெளியே வந்த அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பக் கொண்டாறாங்களாம்?" என்றார்.

"அங்கேயே பொதைச்சிருவாங்கப்பா, அமெரிக்காவுல," என்றேன் நான்.

அண்ணனுக்குத்தான் முதலில் விஷயம் பிடிபட்டது. "அம்மாவுக்கு ஒண்ணுமில்லப்பா! இது வேற ஆளுப்பா!" என்று கத்தி, போனில் இருந்த படத்தைக் காட்டினான்.

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். சில பெண்கள் என்னை ஏசினார்கள், சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள், பிறகு எல்லோரும் மலைக்குத் திரும்பினார்கள். அப்பா மட்டும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பயலோட அம்மாவுக்குச் சொல்லிட்டாங்களா?" என்று கேட்டார்.

"சொல்லியிருப்பாங்கப்பா," என்றான் அண்ணன்.

அம்மா பதினேழு நாள் கழித்துப் பேசினார். வேலை செய்த வீட்டில் அவரது போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்களாம்.

கொடி கட்டிய அன்று எனக்கு அடி விழவில்லை. ஆனால் மனதில் ஒரு குறை இருந்தது. சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் யார் போனது என்று கேட்பார்கள் அல்லவா? அதற்காகவே நான் வாசலில் நின்றேன். லயமே திரண்டு வந்தது. அப்பாவும் வந்தார். ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று எனக்கு அப்போது விளங்கவே இல்லை.