என்ன சோப்பு போடுவீங்க?

காரைக்காலில் மாடி வீடு ஒன்றை வாடகைக்குப் பார்க்கப் போயிருந்தோம். வீட்டுக்கார அம்மா பிரெஞ்சு பென்ஷன்காரர். கழுத்தோடு வெட்டிய நரைமுடி, நகக்கண்ணெல்லாம் மண். சைவமா என்று அவர் கேட்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள். "நாங்க மீன் சாப்புடுவோங்க."

"நல்லதுதான், மீன் அலசுன தண்ணி வாழைக்கு ஆகும். குளிக்க, துவைக்க என்ன சோப்பு போடுவீங்க?" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை. கொல்லைக்கு அழைத்துப் போனார். குளியலறைத் தண்ணீரும் அடுப்படித் தண்ணீரும் நுரையோடு ஒரு ஜல்லித் தொட்டிக்குள் இறங்கி, நெருங்கி நின்ற கல்வாழைப் பூச்செடிகளின் வேரைக் கடந்து, மறுமுனையில் தெளிந்து விழுந்தது. காரமான சோப்பு அந்த வேருக்கு ஆகாதாம். தண்ணீரைக் கையில் ஏந்தி மோந்து பார்த்துவிட்டுத்தான் வாழை மரங்களுக்குத் திருப்பினார். போர்த் தண்ணீர் உப்பாகி, அந்தக் கோடையில் தெருவெல்லாம் செடிகள் கருகிக் கிடந்தன. இங்கே வாழை குலை தள்ளியிருந்தது.

"நான் ஒருத்தி குளிக்கிற தண்ணி இதுக்குப் பத்தலங்க. அதான் குடும்பமா யாராவது வரட்டும்னு பாக்குறேன்."

எனக்கு வேலை மாறிவிட்டதால் அங்கே குடிபோக முடியவில்லை. தண்ணீரைப் பார்த்துச் செலவழிக்கச் சொல்லாத வீட்டுக்காரரை நான் வேறெங்கும் கண்டதில்லை. நாங்கள் குளிக்கும் தண்ணீர் வேண்டும் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.