முதல் மணிக்குக் கணக்கு

பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டார்கள், அவர்கள் போட்ட கால அட்டவணை மட்டும் போகவில்லை. உப்பளம் என்ற பகுதியில் நான் ஐந்தாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்த பெண்கள் பள்ளியில் முதல் மணி கணக்கு. காலையில்தான் மூளை தெளிவாக இருக்கும் என்று எப்போதோ ஒரு துரை சொன்னாராம். அன்றிலிருந்து அதுதான் வேதம்.

கதவோரம் கடைசி பெஞ்சில் மீனவர் குப்பத்துப் பெண்கள் நாலு பேர். நான் சேர்ந்த புதிதில் சக டீச்சர் ஒருவர் புத்திமதி சொன்னார்: "கடற்கரப் புள்ளைங்களுக்குக் கணக்கு ஏறாதும்மா. நீ தொண்டத் தண்ணி வத்தக் கத்தாத." கெட்ட மனுஷி அல்ல. உண்மையாகவே அப்படி நம்பினார். வருஷா வருஷம் அந்த பெஞ்சு கணக்கில்தானே பெயிலானது!

எனக்கு எதையும் சும்மா விடத் தெரியாது. தமிழ் கடகடவென்று படிக்கிற பிள்ளைகள் கணக்கில் மட்டும் ஏன் கோட்டை விடுகிறார்கள்? காரணம் என் கண்ணெதிரே வராந்தாவில் நின்றுகொண்டிருந்தது. தாமதமாக வருகிறவர்கள் முதல் மணி முடியும்வரை வெளியே நிற்க வேண்டும் என்பது பள்ளிச் சட்டம். கட்டுமரம் கரை சேரும் நேரத்தைக் காற்றுதான் முடிவு செய்யும், பள்ளி மணி அல்ல. மீன் கூடையை அம்மாவோடு மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு ஓடிவந்தால் இங்கே பாதிக் கணக்கு முடிந்திருக்கும். ஆக, அந்த பெஞ்சுக்கு இதுவரை யாரும் கணக்கே சொல்லித் தரவில்லை. எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த சாக்பீஸ் உடைந்துவிட்டது.

நால்வரில் உயரமானவளுக்கு ஐந்தாம் வகுப்பில் அது இரண்டாம் வருஷம். அவள் அம்மாவை மார்க்கெட்டில் போய்ப் பார்த்தேன். "இந்தத் தபாவும் பெயிலானா நிறுத்திடுவேன் டீச்சர். தனியா கூடை தூக்கற வயசு வந்துடுச்சி" என்றாள். மகள் பக்கத்தில் நின்று என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையோடு நேரே தலைமை ஆசிரியையிடம் போனேன். பிரெஞ்சில் படித்தவர், எங்கள் எல்லோருக்கும் அவர் மதாம்.

"மதாம், மொத மணிக்குத் தையல வச்சிட்டு, கணக்க மூணாம் மணிக்கு மாத்திடுங்க. தையல் விட்டுப்போனா வூட்ல தச்சிப்பாங்க. வகுத்தல வூட்ல யாரு சொல்லித் தருவா?"

"நோன், முடியாது! நாலு புள்ளைங்களுக்காக மொத்த கிளாஸும் மாறணுமா?"

"மொத்த கிளாஸுக்காக நாலு பேரு வெளிய நிக்கிறாங்களே, அது மட்டும் சரியா?"

மதாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அவர் செய்வது அது. "அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் பாக்கறேன். அப்பவும் பெயிலானா பழையபடிதான். அதுக்கப்பறம் நீ வாயே தொறக்கக் கூடாது."

முன் பெஞ்சுப் பெண் ஒருத்தியின் அப்பா பள்ளிக்கே வந்து குதித்தார். "மீன்காரப் பொண்ணுங்களுக்காக எங்க புள்ள படிப்பு கெடணுமா?"

"உங்க பொண்ணு மூணாம் மணிக்குத் தூங்கிடுவாளா சார்?" என்றேன். மனிதர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வகுத்தல் அந்த உயரமானவளை முதலில் பாடாய்ப் படுத்தியது. அவளும் விடவில்லை, நானும் விடவில்லை. அரையாண்டில் தேறினாள், வருஷக் கடைசியிலும் தேறினாள். மற்ற மூவரில் இரண்டு பேர் தேறினார்கள், ஒருத்திக்குக் கணக்கு வரவே வரவில்லை. முன் பெஞ்சிலும் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள். சமத்துவம் என்றால் அதுவும் சேர்த்துத்தானே! மதாம் பழைய அட்டவணையைக் கிழித்துப் போட்டார்.

நாள் முழுக்கக் கூடையை அம்மாவே சுமந்துகொண்டாள், காலையில் மார்க்கெட்டில் இறக்க மட்டும் மகள் கூடப் போனாள். ஆறாம் வகுப்புக்கு டவுனிலுள்ள பெரிய பள்ளியில் சேர்ந்தாள், அங்கேயும் முதல் மணி கணக்குதான். சில வாரம் கழித்து அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை என்னைக் கடைத்தெருவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டார்.

"உங்க ஸ்கூல்லேர்ந்து வந்த பொண்ணு நேரா என் ரூமுக்கே வந்து கேக்கறா: 'கணக்க மூணாம் மணிக்கு மாத்துங்க மதாம், வெளிய நின்னா எனக்கு எப்பிடிக் கணக்கு வரும்?'னு. இப்பிடிப் பேச யாரு கத்துக் குடுத்தது?"

"நான் கணக்கு மட்டுந்தாங்க கத்துக் குடுத்தேன்." சந்தோஷத்தில் அவர் கையையே பிடித்துக்கொண்டேன். "மாத்திட்டீங்களா?"

"மாத்தாம என்ன பண்றது? தெனமும் வந்து நிக்கறாளே."