‘வந்தனான்’ என்றே பாடிய எங்கள் தம்பி

தம்பி எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரை ‘இசைக் கலைஞர்’ என்று போடும்படி பெரியப்பா சொன்னார். பெரியப்பாவின் அன்பு எனக்குத் தெரியும். ஆனால் தம்பி ராப் பாடகர். மேடைகளில் பாடியதைவிடச் சந்திகளிலும் கரையிலும் பாடியதே அதிகம். அவர் கூச்சப்படாமல் சொன்ன சொல்லை, மூத்த சகோதரியாகிய நானும் கூச்சப்படாமல் எழுதுகிறேன்.

தம்பி சல்லி என்ற கரையோரக் கிராமத்தில் பிறந்தவர். அப்பா கடற்றொழிலாளி. கடல் ஊருக்குள் வந்த ஆண்டில் எங்கள் வீடு போனது. பிறகு திருகோணமலை நகரத்தில், துறைமுகத்துக்குக் கிட்ட, சிறிய வீடொன்றில் குடியேறினோம். பள்ளியில் சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் தம்பி மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றும் வேலைக்குப் போனார். கந்தளாயிலிருந்து ஐஸ் லொறி ஓட்டிவந்த சமிந்த அங்கேதான் அவருக்குச் சிநேகிதரானார். சமிந்த சிங்களத்தில் ஒரு வரி எடுத்துவிட, தம்பி தமிழில் பதில் கொடுப்பார். ஐஸ் கட்டிகள் இறங்கி முடியும்வரை அது நடக்கும். வேலையாட்கள் சிரித்துக்கொண்டே கட்டிகளைத் தூக்குவார்கள்.

அவருடைய முதற்பாட்டு எங்கள் வீட்டு அலுமாரிக்குள் பதிவானது. வெளிச்சத்தம் விழாது என்று, அம்மாவின் சேலைகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு, கைபேசியைப் பிடித்தபடி பாடினார். அப்படியும் குசினியிலிருந்து அம்மா, “தேத்தண்ணி ஆறுது, வெளியில வா மோனை” என்று கூப்பிட்டது பாட்டின் நடுவில் விழுந்துவிட்டது. தம்பி அதை வெட்டவில்லை. அந்தப் பாட்டு ஊரெல்லாம் பரவிய பிறகு, பாட்டில் அந்த இடம் வந்தால் கூடியிருக்கும் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து அம்மாவின் வரியைச் சொல்வார்கள்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. “பாட்டெண்டால் ராகம் இருக்க வேணும். இது அலட்டல்” என்பார்.

தம்பி ஒருமுறை சிறைக்குப் போய், மறியல் இருந்து வந்தவர். இதை எழுத வேண்டாம் என்று அம்மா கேட்டா. தம்பியே மைக்கைப் பிடித்து ஊருக்குச் சொன்னதை நான் மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல. பாட்டால் பெயர் வந்தபோது கூடாத சிநேகிதமும் வந்தது. யாரோ ஒருவருக்காகக் கஞ்சாப் பொதியொன்றைக் கொண்டுபோகையில் பிடிபட்டார். அம்மா சாப்பாட்டுடன் போய்ப் பார்த்து வந்தா. அப்பா ஒருநாளும் போகவில்லை. விடுதலையாகி வந்ததும் தம்பி பாடிய பாட்டில் பொலிஸ் இல்லை, நீதவான் இல்லை. மறியல் வாசலில் வெயிலில் நிற்கும் தாய்மார் மட்டுமே இருந்தார்கள். அதன் பிறகு அவர் அந்தச் சிநேகிதர்களிடம் திரும்பவே இல்லை.

அந்தப் பாட்டைக் கேட்டுக் கொழும்பிலிருந்து ஓர் ஒலிப்பதிவுக்காரர் அழைத்தார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். ஆனால் அங்கே போனதும், எங்கள் ஊர்ப் பேச்சில் வரும் ‘வந்தனான்’ என்பதை ‘வந்தேன்’ என்று மாற்றச் சொன்னார்களாம். வெளிநாட்டிலும் விளங்க வேண்டுமாம்.

“ஐயா, நான் வந்தனான். வந்தேன் எண்டவர் வேற ஆள்,” என்று சொல்லிவிட்டுத் தம்பி இரவு பஸ்ஸில் ஏறிவிட்டார்.

விடிய பஸ் நிலையத்தில் அப்பா நின்றார். ஏன் திரும்பி வந்தாய் என்று கேட்கவில்லை. பையை வாங்கிக்கொண்டு, “சாப்பிட்டனியே?” என்று மட்டும் கேட்டாராம். தம்பி இதை எனக்குச் சொல்லும்போது சிரிக்க முயன்றார், ஏலாமல் போனது.

நாட்டில் எண்ணெய் கிடைக்காத காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்பாவின் மீன்பிடிப் போட்டுக்கு மண்ணெண்ணெய் வாங்க அப்பாவும் தம்பியும் வரிசையில் நின்றார்கள். சமிந்தவும் வீட்டு அடுப்புக்கென்று ஓர் எண்ணெய்க் கானுடன் வந்திருந்தார். வெயில் ஏற ஏற, வரிசைக்குள் புகுந்ததாக ஒருவர் மற்றவரைப் பிடித்துத் தள்ளினார். தமிழிலும் சிங்களத்திலும் வசவு எழுந்தது. யாரோ இரும்புக் கம்பியைத் தூக்கினார். அப்போது தம்பி தன் வெறுங் கானைக் கவிழ்த்துத் தட்டத் தொடங்கினார்.

“கானும் காயுது, போட்டும் காயுது,
கரையில நிண்டு நிண்டு காலும் ஓயுது.
ஆர் முன்னுக்கு வந்தது, ஆர் பின்னுக்கு வந்தது?
அடுப்பெரியேல்லை எண்டு எல்லாரும் வந்தது.”

சமிந்த அதைச் சிங்களத்தில் திருப்பிச் சொன்னார். முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு பலர் தங்கள் கான்களைத் தட்டினார்கள். கம்பியை எடுத்தவர் அதை மதிலோரம் சாத்திவிட்டார்.

அப்பாவுக்குப் பின்னால் நின்ற முதியவர், “இது ஆற்ர பொடியன்?” என்று கேட்டார்.

“என்ர,” என்றார் அப்பா.

தம்பி நேருக்கு நேர் பாடி அப்பா கேட்டது அன்றுதான் முதற்தடவை. அன்று முதல், தம்பியின் நிகழ்ச்சி எங்கே என்று அப்பா அம்மாவிடம் விசாரிக்கத் தொடங்கினார்.

அந்தச் சந்தோசம் நெடுங்காலம் நீடிக்கவில்லை. தம்பியின் சிறுநீரகங்கள் பழுதாகிவிட்டதாக வைத்தியர்கள் சொன்னார்கள். இரத்தம் சுத்திகரிக்கப் போய்வரப் போய்வர உடல் மெலிந்தது. நீண்ட வரியை ஒரே மூச்சில் சொல்ல ஏலாமல் வந்தது. கந்தளாயில் பாடிய கடைசி நிகழ்ச்சியில் கதிரையில் இருந்தபடி வரியைத் தொடங்குவார். சமிந்த முடித்து வைப்பார். அப்பா முன்வரிசையில் இருந்தார்.

கடைசிக் காலையில் தம்பி, “கடலுக்குப் போங்கோ அப்பா, காத்து நல்லாக் கிடக்கு” என்றார்.

“நாளைக்குப் போவம்,” என்று அப்பா கட்டிலடியில் இருந்துவிட்டார். மதியத்துக்கு முன் தம்பி கண்ணை மூடினார். அவருடைய கை அப்பாவின் கைக்குள் இருந்தது.

நோயுற்ற நாட்களில் அன்புடன் பராமரித்த தாதியருக்கும் வைத்தியர்களுக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் ஓட்டோவுடன் வந்த அயலவர்களுக்கும், செத்த வீட்டில் சமைத்து, பந்தல் போட்டு, அம்மாவைத் தனியே விடாமல் இருந்த சல்லி உறவுகளுக்கும், பாடைக்குத் தோள் கொடுத்த சமிந்தவுக்கும் அவர் வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நெஞ்சார்ந்த நன்றிகள்.

இன்னும் ஒன்று. தம்பியின் பாட்டுகளைப் போட்டுக்கொண்டு ஓட்டோ ஓட்டும் பிள்ளைகளே, எங்கள் வீட்டைக் கடக்கும்போது நீங்கள் சத்தத்தைக் குறைக்கிறீர்கள். எங்கள் துக்கத்துக்குத் தரும் மரியாதை அது என்று தெரியும். அதற்கும் நன்றி. ஆனால் பின்னேரங்களில் அப்பா வாசல் கேற்றடியில் வந்து இருப்பதே அதைக் கேட்கத்தான். போன கிழமை என்னிடம், “காது முந்தி மாதிரி இல்லை. கூட்டிப் போடச் சொல்லு பிள்ளை,” என்றார்.

குறைக்க வேண்டாம்.