விரத நாட்களில் வெறுந்திரை

அந்த வருடம் என் கை ஒரு நாளும் சும்மா இருக்கவில்லை. கணினியைத் திறந்தால் முதல் வேலை டெஸ்க்டொப்பைக் கலைப்பதுதான். இடப்பக்கம் இருந்த ஐகான்களை வலப்பக்கம் இழுப்பேன், பெரிதாக்குவேன், அடுத்த நிமிடமே சிறிதாக்குவேன். கீழே கிடந்த பட்டையை ஒரு நாள் மேலே ஏற்றினேன். அங்கே அது நெற்றியில் ஒட்டிய பிளாஸ்டர் மாதிரி இருந்தது, இறக்கினேன். மூலையில் இரண்டு கடிகாரம் வைத்தேன், ஒன்று பருத்தித்துறை நேரம், மற்றது ரொறன்ரோ நேரம். கலியாணம் முடித்த கையோடு என் கணவர் கனடாவுக்குத் திரும்பிவிட்டார். என்னைக் கூப்பிடுவதற்கான விசா மட்டும் வரவில்லை. வந்தால் மெயிலில்தான் வரும். அதுவரை நான் என்ன செய்ய?

அச்சகம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கலியாண அல்பம் அடுக்கிக் கொடுப்பது என் தொழில். ஊரெல்லாம் சோடி சோடியாகச் சிரிக்கிற படங்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்க எனக்கு வயிறு எரிந்தது. ஒரு பக்கம் முடித்ததும் மெயிலைப் பார்ப்பேன். இல்லை. உடனே திரையில் எதையாவது இடம் மாற்றுவேன். கைபேசியிலும் முதலில் மெயில் வைத்திருந்தேன், சோறு தின்னும்போதும் அதைத் தட்டித் தட்டிப் பார்த்து விசர் பிடித்ததால் நானே அதை எடுத்துவிட்டேன்.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அப்பா கடலுக்குப் போய் வந்த மனிதர், நான் படிக்கும்போதே நோயில் போய்விட்டார். அம்மாவுக்கு என் அந்தரமும் தவிப்பும் பிடிப்பதில்லை.

"உதென்ன பிள்ளை, நேற்று இஞ்சாலை கிடந்தது இண்டைக்கு அங்காலை கிடக்குது? பூனை குட்டி காவின மாதிரி!"

"என்ரை கொம்பியூட்டர், நான் எங்கையும் வைப்பன். நீங்கள் உங்கடை வேலையைப் பாருங்கோ."

அம்மா தன் வேலையைத்தான் பார்த்தார். விசா இந்தப் பெட்டிக்குள்ளால் வருகிறபடியால் இதற்குள் முருகன் இருக்கவேண்டும் என்று ஒரே பிடி. சாமி அறைப் படத்தைக் கைபேசியில் எடுத்து, அதையே திரைக்குப் பின்னணியாகப் போட வைத்தார். போட்டுவிட்டுப் பார்த்தால் குப்பைக்கூடை ஐகான் சரியாக முருகனின் பாதத்தில் உட்கார்ந்திருக்கிறது!

"ஐயோ முருகா! குப்பையைக் கொண்டந்து காலடியிலை வைச்சால் விசா என்னெண்டு வரும்?"

குப்பைக்கூடையை நகர்த்தினேன். அது மயிலின் வாலில் ஏறியது. இன்னும் நகர்த்தினால் வள்ளியின் தோளில். எங்கே வைத்தாலும் அம்மா முகம் சுளித்தார். சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. கடைசியில் எல்லா ஐகான்களையும் ஓரமாக ஒரே வரிசையில் ஒடுக்கிவிட்டேன். அது இரண்டு நாள் கூட நிற்கவில்லை, நான்தான் மறுபடி கலைத்தேன்.

ஐப்பசியில் கந்தசட்டி பிடித்தது. முதல் நாள் காலை நான் கிணற்றடியில் முழுகிக்கொண்டிருக்க அம்மா விறுவிறென்று வந்தார். திரைக்குப் பூ வைத்துவிட்டு வருகிறாராம். முகம் ஒரு மாதிரி இருந்தது. வெறும் வயிற்றோடு நிற்கிறார் என்று நினைத்தேன்.

"பிள்ளை, இந்த ஆறு நாளும் அந்தப் படத்துக்கு மேலை ஒண்டும் நிக்கப்படாது. எல்லாத்தையும் மறைச்சுவிடு. மூலையிலை ஒரு பெட்டி வந்து வந்து போகுதல்லோ, அதையும் நிப்பாட்டு. விரதம் முடியுமட்டும் நீ மெயிலைத் திறக்கப்படாது."

"உங்களுக்கென்ன விசரே அம்மா? விசா வந்தால்?"

"உன்ரை விசாவுக்குத்தான் நேர்ந்திருக்கிறன். பாறணை முடிய ஆறுதலாய்ப் பார்."

நேர்த்தி என்ற பிறகு என்ன கதைப்பது? நான் பெரிய பக்தை இல்லை. ஆனாலும் மீறிவிட்டு விசா வராமல் போனால் ஆயுளுக்கும் அதையே நினைத்துச் சாக என்னால் முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு ஐகான்களை மறைத்தேன், அறிவிப்புகளை நிறுத்தினேன், இரண்டு கடிகாரங்களையும் எடுத்தேன். திரையில் முருகன் மட்டும் நின்றார். அச்சகமும் தீபாவளியோடு ஓய்ந்திருந்ததால் இருந்து பார்க்க வேறு ஒன்றும் இல்லை.

முதல் நாள் சுவருக்கும் சுவருக்கும் நடந்தேன். காலில் சுடுதண்ணீர் ஊற்றிய மாதிரித்தான். பிறகு அம்மாவோடு கோயிலுக்குப் போனேன், வந்தேன், ஒரு நேரச் சோற்றைப் பகிர்ந்து தின்றோம். மழை பிடித்தால் விறாந்தையில் இருந்து கதைத்தோம். அப்பா அம்மாவைப் பெண் பார்க்க வந்தபோது சட்டையை உள்வெளி மாறிப் போட்டு வந்த கதையை நான் அதுவரை கேட்டதே இல்லை. சூரன்போர் பார்க்கச் சனத்துக்குள் நெரிந்து நின்றபோது என் கையை அம்மா விடவே இல்லை. நான் சின்னப்பிள்ளையோ என்று சினந்தேன். அதற்கும் விடவில்லை.

ஏழாம் நாள் விரதம் முடித்துத் தின்ற பாறணைச் சோறு இறங்கியதும் இறங்காததுமாகக் கணினிக்கு ஓடினேன். மெயில் அங்கே இருந்தது. விசா குத்துவதற்குக் கடவுச்சீட்டை அனுப்பி வைக்கும்படி கேட்டிருந்தார்கள். கத்தினேன், துள்ளினேன், அம்மாவைக் கட்டிப்பிடித்தேன். அதன்பிறகுதான் திகதியைப் பார்த்தேன். விரதத்தின் முதல் நாள் காலை, நான் முழுகிய அதே நேரம். அனுப்பக் கொடுத்த தவணை இன்னும் முடியவில்லை. ஆனாலும் எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது.

"அம்மா, உங்களுக்குத் தெரியுமோ இது?"

அம்மா இலையை மடித்துக்கொண்டிருந்தார். "ஓம். பூ வைக்கேக்கை மூலையிலை அந்தப் பெட்டி வந்திட்டுப் போச்சுது. கனடா எண்ட எழுத்து எனக்குத் தெரியாதே? எத்தினை பார்சல் பிரிச்சிருக்கிறன்."

"தெரிஞ்சுகொண்டே நேர்த்தி எண்டு சொன்னியளோ?"

"நேர்த்தியும் இல்லை, ஒண்டும் இல்லை. முருகன்ரை பேரிலை பொய்தான் சொன்னனான்." குரல் உடைந்தது. "சொன்னால் அந்த நிமிசமே நீ போயிடுவாய்."

"விசா வந்தவுடனை ஆரும் பிளேன் ஏறுறதில்லை அம்மா!"

"நீ எப்பவோ ஏறியிட்டாய். ஒரு வருசமாய் நீ இந்த வீட்டிலை இருந்தனியோ? உந்தப் பெட்டிக்கு முன்னாலை எல்லோ இருந்தனி. ஆறே ஆறு நாள் என்ரை பிள்ளை என்னோடை இருக்கட்டும் எண்டு நினைச்சன். பிழைதான். ஏசு."

ஏசத்தான் வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எதைப் பேசுவது? அந்த நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது. ரொறன்ரோவிலிருந்து அவர்தான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னோடை வேலை செய்யிற ஆளின்ரை மனிசிக்குப் போன கிழமை விசா வந்திட்டுதாம். உமக்கு ஒண்டும் வரேல்லையே?"

அம்மா மடித்த இலையோடு அப்படியே நின்றார்.

"வந்திட்டுது. அதே கிழமைதான். இப்பதான் பார்த்தனான்."

"இப்பவோ? இவ்வளவு நாளும் என்னப்பா செய்தனீர்? அரை மணித்தியாலத்துக்கொருக்கால் பார்க்கிற ஆளெல்லோ நீர்!"

"விரதம். மெயில் திறக்கிறேல்லை எண்டு நேர்த்தி."

"ஆர் நேர்ந்தது? மாமியோ?" அவருக்கு நல்ல கோபம்.

"இல்லை, நான்தான்."

"இருந்திருந்திட்டு இப்பிடி ஒரு நேர்த்தி என்னத்துக்கு?"

அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கண் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக் கையில்லை.

"அம்மாவோடை கொஞ்ச நாள் இருக்கிறதுக்கு" என்றேன்.