ஸ்பிரிங்வெளிக்குப் போன பெட்டி

கொழும்புப் பக்கமிருந்து வேனில் கிளம்பி, எல்லவில் இரவு தங்கி, காலை எட்டு மணிக்குப் பதுளைக்கு வந்தோம். மருந்துக்காக ஃபிளாஸ்கில் போட்ட ஐஸ் வழியிலேயே கரைந்துவிட்டது. இன்றைக்கு ஒரு ஃபிரிஜ் வாங்காவிட்டால் பயணம் அவ்வளவுதான்.

என் மனைவி செல்வி ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். அங்கே ஒரு மாதமாவது இருந்துவிட்டு வர வேண்டும் என்று ஆறு வருடமாக ஏங்குகிறாள். அவள் தம்பி முருகேசுவின் ஒற்றை அறை லயக் காம்பராவில் படுக்க இடமில்லை. அதனால் பழைய வேனுக்குள் கட்டில் அடித்தேன். ஆனால் அவள் இன்சுலின் போடுகிறவள். ஒரு மாத மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும், அங்கே ஃபிரிஜ் இல்லை. போன மாதம்தான் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தாள்.

பதுளைக் கடைவீதியில் கடை முதலாளி காட்டிய முதல் ஃபிரிஜ் பெட்டி முப்பத்தையாயிரம் ரூபாய். என் முகம் மலர்ந்தது.

"இதுல மருந்து வைக்கலாங்களா?" என்றாள் செல்வி.

"பொய் சொல்லக்கூடாதுங்கம்மா. வெளிச் சூட்டவிடக் கொஞ்சம் கொறைக்கும், அவ்வளவுதான். பேட்டரியையும் குடிச்சிரும்."

அடுத்தது கம்பிரசர் வைத்தது, பன்னிரண்டு வோல்ட். மூடி மேலே இருப்பதால் திறந்தாலும் குளிர் கொட்டிப்போகாது. வேண்டிய குளிர் வந்ததும் தானே நின்றுவிடும். வேன் கூரையிலுள்ள சோலார் தகடு போதும். சின்னது தொண்ணூறாயிரம். நான் பெரியதைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"மருந்துக்குத்தானேங்க, மீன்கடை போடவா போறோம்?"

சின்னதையே வாங்கினோம். வெளியே வந்து முருகேசுவுக்குப் போன் போட்டேன். "மச்சான், பெட்டி கெடச்சிருச்சு. வேன்ல ஏத்தியாச்சு. செல்விய ஒங்ககிட்டயே கொண்டாந்து சேத்துர்றேன்." அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். தேயிலை மலைகளைச் சுற்றி ஏறும்போது செல்வி கண்ணாடியை இறக்கிவிட்டு முகத்தை வெளியே நீட்டியிருந்தாள். லயத்துக்குத் திரும்பும் பாதையில் வெள்ளைக்கொடி கட்டியிருந்தார்கள். லயத்து வாசலில் பெரிய கூட்டம்.

செல்வி பதறி இறங்கினாள். "யாருடா தம்பி போனது?"

முருகேசு அவளைப் பார்த்தான். வேனைப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான்.

"பெட்டின்னு சொன்னீங்களே, மச்சான்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனவர்கள் வேனில் பெட்டியோடு வந்தால், லயத்தில் அது சவப்பெட்டிதான். ஆஸ்பத்திரியில் கிடந்தவள் வேறு.

செல்வியோடு கொழுந்து பறித்த பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு, என்னை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். ஏச்சு எனக்கு நியாயமாகவே பட்டது. எழவுக்கு வைத்த தேத்தண்ணியை எல்லோரும் சிரித்துக்கொண்டே குடித்தார்கள்.

"என்னைய யாரு நெனச்சிருக்கப் போறான்னு இருந்தேங்க," என்றாள் செல்வி. "எனக்காக அழ இத்தன பேரு. உசுரோட இருக்கப்பவே பாத்துட்டேன்."

அந்த மாதம் ஓடியே போய்விட்டது. இப்போது கொழும்புப் பக்கம் வத்தளையில் எங்கள் வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். வீட்டு ஃபிரிஜ் என்னைவிட உயரம். மருந்து அதில்தான் இருக்கிறது. வேனிலிருக்கும் சின்னப் பெட்டி மட்டும் உள்ளே ஒன்றுமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று அதை நிறுத்தப் போனேன்.

"இருக்கட்டுங்க," என்று கையைப் பிடித்தாள். "நிப்பாட்டிட்டா, இனிமே போகமாட்டோம்னு ஆயிரும்."