மேடையேறிய குஷன் கதிரை

கல்முனைக் கடைத்தெருவில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஜவுபருக்கு, யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல வாய் வராது. ஏணி கேட்டால் ஏணி, மோட்டார் சைக்கிள் கேட்டால் மோட்டார் சைக்கிள். ஒருமுறை சம்மாந்துறையில் ஒரு கலியாணத்துக்குப் போக வேண்டி மோட்டார் சைக்கிளைத் தேடினார். அது ஏற்கெனவே அந்தக் கலியாண வீட்டு வாசலில் நிற்கிறது என்று தெரிந்ததும் பேசாமல் பஸ் ஏறிப் போய் வந்தார். கொடுத்ததை எண்ணி அவர் ஒருநாளும் வருந்தியதில்லை. வருந்துகிற வேலையைக் கலியாணம் முடித்த நாளிலிருந்து அவருடைய மனைவி ஹாஜறாதான் பார்த்து வந்தாள்.

அந்தச் சனிக்கிழமை மஃரிப் தொழுகை முடிந்த கையோடு, பக்கத்து வீட்டுக் கிருஷிகா ஹாஜறாவை நாடகத்துக்குக் கூட்டிப் போனாள். கிருஷிகாவின் அப்பா நேசரட்ணம் ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியர். கோயிலில் பாடுகிறவர்கள், வங்கியில் வேலை செய்கிறவர்கள், பஸ் கொண்டக்டர் ஒருவர் என்று ஊரில் குரல் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் சேர்த்து 'மழை மறந்த நாடு' என்று ஓர் இசை நாடகம் போட்டிருந்தார்.

"நீ முன்னால போய் இரு புள்ள. நான் கடையப் பூட்டிப்போட்டு வாறன்" என்று ஜவுபர் சொல்லி அனுப்பியிருந்தார். மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் அவருக்கும் ஓர் இடம் பிடித்துக் கைப்பையை வைத்துவிட்டு ஹாஜறா மேடையைப் பார்த்தாள். கத்தரிப்பூ நிறத்தில் தங்கப் பூப் போட்ட திரை. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

"கிருஷிகா, இது எங்கட ஹோல் ஜன்னல் கேட்டின் அல்லவா?"

"அப்பிடியா அன்ரி? இருட்டில விளங்குதில்ல" என்று கிருஷிகா கடலைப் பொட்டலத்தைப் பிரிப்பதில் மும்முரமானாள்.

"கழுவ லோன்றிக்குக் குடுத்திரிக்கன் எண்டல்லவா மனிசன் சொன்னாரு!"

திரை விலகியது. அரசசபை. நடுவில் சிங்காசனமாக இருந்தது ஹாஜறாவின் குஷன் கதிரை. ஸ்பிரிங் போய்விட்டது, திருத்தக் கொடுத்திருக்கிறேன் என்று ஜவுபர் போன கிழமை கொண்டுபோன அதே கதிரை. மூத்த மகளின் கலியாணத்துக்கு வாங்கியது. மாப்பிள்ளை வீட்டார் வந்தால் தவிர யாரையும் அவள் அதில் இருக்க விடுவதில்லை. அதில் இப்போது மருந்துக் கடை வைத்திருக்கும் அழகரெத்தினம் கால்மேல் கால் போட்டு இருந்தார். மாதாமாதம் அவளுக்குப் பிரஷர் குளிசை எடுத்துக் கொடுக்கிற மனிதர். அவர் தோளில் கிடந்து தரையைக் கூட்டிய சால்வை, தம்பி சவூதியிலிருந்து அனுப்பிய கட்டில் விரிப்பு. சேவகன் ஒருவன் வெற்றிலை கொண்டுவந்த தட்டமும் அவள் வீட்டுப் பித்தளை வட்டாதான்.

"யா அல்லாஹ்! என்ட வீட்ட ஒரு சாமானும் மிச்சமில்லாம மேடையில ஏத்திப் போட்டாரே!"

முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் ஹாஜறாவின் முறைப்பு ஒன்று கிடைத்தது.

கதை இதுதான். மன்னருக்குப் பாட வராது. அந்தக் கோபத்தில் நாட்டில் யாருமே பாடக் கூடாது என்று தடை போடுகிறார். பாட்டில்லாத நாட்டுக்கு மழை வராமல் போகிறது. கடைசியில் கிணற்றுத் தவளை ஒன்று வெளியே வந்து பாட, வானம் இரங்குகிறது. பாட வராத மன்னர் வேடத்தில் அழகரெத்தினம் மிக இயல்பாகச் செய்தார்.

"தவளை வேஷத்துக்கு முதல்ல ஜெப்றி எண்ட பொடியன்தான் இருந்த" என்று கிருஷிகா மெல்லச் சொன்னாள். "கட்டாருக்கு விசா வந்து போயிட்டான். பிறகு அப்பா வேற ஒராள்ட்டக் கேட்டார்."

"ஆருக்கிட்ட?"

கிருஷிகா கடலையை வாயில் போட்டுக்கொண்டாள். மேடையில் மட்டையால் செய்த கிணற்றுக் கட்டின்மேல் தவளை ஏறி நின்றது. பச்சை மை பூசிய ஹெல்மட், அதன்மேல் பிங்பொங் பந்தில் இரண்டு கண், வயிற்றுக்குப் போதாத பச்சைச் சட்டை. குதிக்க வேண்டிய இடம். தவளை கீழே எட்டிப் பார்த்தது. ஒருதரம் பின்வாங்கியது. பிறகு கழுத்தில் மைக் மாட்டியிருப்பதை மறந்து, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிக் குதித்தது.

சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. ஹாஜறா மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்துக் கதிரையில் வைத்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இனி அந்த இடத்துக்கு ஆள் வரப்போவதில்லை.

தவளை பாடத் தொடங்கியது. "கிணத்துக்குள்ளே இருந்தவன் நான், கிர்ர் கிர்ர்!" அதோடு நின்றுவிட்டது. ஆர்மோனியம் ஒருதரம் சுற்றி வந்தது. இரண்டுதரம் சுற்றி வந்தது. தவளை மூன்றாம் வரிசையைப் பார்த்தபடி வாயைத் திறந்து திறந்து மூடியது.

அடுத்த அடி என்னவென்று ஹாஜறாவுக்குத் தெரியும். இரண்டு கிழமையாக ஜவுபர் பாத்ரூமுக்குள் நின்று அதைத்தான் முணுமுணுத்தார். மூளையில் ஏதோ கோளாறு என்று பயந்து, பள்ளிவாசல் லெவ்வையிடம் ஓதின தண்ணீர் வாங்கி வந்து, அவருக்குத் தெரியாமல் தேத்தண்ணியில் கலந்துகூடக் கொடுத்திருந்தாள். அவளுக்குக் கோபம் ஒருபக்கம். ஊரே பார்க்க அவர் இப்படி விறைத்து நிற்பது இன்னொரு பக்கம். எழுந்து நின்றாள்.

"மேகத்துக்கும் காது உண்டு!" என்று கத்தினாள்.

"மேகத்துக்கும் காது உண்டு, கிர்ர் கிர்ர்!" என்று தவளை பிடித்துக்கொண்டது. அதன் பிறகு நிறுத்தவில்லை. சுருதி ஒரு பக்கமும் தாளம் இன்னொரு பக்கமும் போனாலும் பாட்டு போய்க்கொண்டே இருந்தது. சனம் கைதட்டித் தாளம் போட்டது.

அப்போது மழை வந்தது. மழை மெய்யாகவே பெய்ய வேண்டும் என்பது நேசரட்ணத்தின் பிடிவாதம். ஜவுபரின் கடைப் பைப் ஒன்றில் ஓட்டை போட்டு மேடைக்கு மேலே கட்டியிருந்தார்கள். தண்ணீர் முதலில் மன்னரின் கிரீடத்தில் விழுந்தது. பிறகு குஷனில் விழுந்தது.

"ஐயோ, என்ட கதிர!"

கிருஷிகா பிடிப்பதற்குள் ஹாஜறா படியேறிவிட்டாள். "எழும்புங்க அழகரெத்தினம்! எழும்புங்க எண்டா!" என்று மன்னரைக் கையில் பிடித்து எழுப்பி, கதிரையை மழைக்கு வெளியே இழுத்தாள். தவளை ஓடிவந்து மறுபக்கம் தூக்கியது. மன்னர் நனைந்தபடி நின்றார். நாட்டு மக்கள் சிங்காசனத்தையே பறித்துவிட்டார்கள் என்று சனம் எழுந்து நின்று ஆரவாரித்தது. "அப்பிடியே நில்லுங்க, அப்பிடியே!" என்று பக்கத்திலிருந்து நேசரட்ணம் கையைக் காட்ட, திரை, அதாவது ஹாஜறாவின் கேட்டின், மெல்ல மூடியது.

உள்ளே ஜவுபர் ஹெல்மட்டைக் கழற்றினார். பச்சை மை கழுத்தில் வழிந்தது. ஹாஜறாவிடம் சொல்வதற்கு நிறைய இருந்தது. கேட்டின், விரிப்பு, வட்டா என்று வரிசையாகத் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. ஆனால் வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது.

"ரெண்டாம் அடிய ஏன் மறந்த நீங்க?"

"உன்னக் கண்டதும் எல்லாம் போயிட்டு புள்ள."

ஹாஜறாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடியும் நிற்கவில்லை.

நேசரட்ணம் கையைப் பிசைந்தபடி வந்தார். "கடைசிக் காட்சி இவ்வளவு நல்லா வருமெண்டு நான் எழுதக்குள்ள நினைக்கல்ல. அடுத்த மாசம் அட்டாளைச்சேனையில போடுறம். நீங்களும் வரோணும் தங்கச்சி."

ஹாஜறா ஈரக் குஷனைக் கையால் அமுக்கிப் பார்த்தாள்.

"வாறன் சேர். கதிரைய மட்டும் நீங்க வேற எங்கயாவது பாத்துக்கொள்ளுங்க."

அட்டாளைச்சேனையில் பிளாஸ்டிக் கதிரையில் ஒரு துவாயைப் போட்டுச் சிங்காசனம் ஆக்கியிருந்தார்கள். மழைப் பைப் திறந்த பிறகுதான் கதிரையை இழுக்க மேடைக்கு ஏற வேண்டும் என்று ஹாஜறாவுக்குப் பலதரம் சொல்லி வைத்திருந்தார்கள். தவளை பாடி முடிக்க இன்னும் இரண்டு அடி இருந்தது. பைப்பும் திறக்கவில்லை. ஹாஜறா பொறுக்க மாட்டாமல் ஏறிவிட்டாள்.