மிதிபலகையில் இருந்த எழுத்து

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவுநாளுக்காக, சாந்தமே உருவானவர் என்று எழுதித் தரும்படி பெரியப்பா கேட்டார். சாந்தம்தான். ஆனால் பிடிவாதத்தையும் சேர்த்து எழுதாவிட்டால் அது எங்கள் அப்பாவாக இராது.

நாங்குநேரியில் பிறந்து, சிறுவயதிலேயே தாயை இழந்து, பேட்டையில் ஒரு தையற்கடையில் பொத்தான்களுக்குக் காஜா எடுத்துப் பழகி, பின்பு தமக்கென ஒரு கடை வைத்தார். கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்னைப் பாளையங்கோட்டைப் பெண்கள் பள்ளிக்கு அனுப்பினார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான்.

தூத்துக்குடியில் கப்பலிலிருந்து இறங்கிய அமெரிக்கத் தையல் இயந்திரம் ஒன்றை அப்பா வாங்கினார். கறுப்பு உடலில் பொன்னிறப் பூக்கள். இரும்புச் சாமானை வீட்டுக் கூடத்தில் வைக்கப் பெண்கள் கூசுவார்கள் என்றுதான் அந்நாட்டார் அதற்குப் பூவேலை செய்தார்களாம். எங்கள் ஆசிரியை சொன்னார். எல்லாம் ஒரே அச்சு. ஒரு திருகு போனால் அதே அளவில் இன்னொன்று கிடைக்கும். இத்தனையும் யோசித்தவர்கள், காலால் மிதிக்கும் இரும்புப் பலகையில் தங்கள் கம்பெனிப் பெயரை வார்த்துவிட்டார்கள். அப்பா அதையும் பூவேலை என்றே எண்ணி மிதித்துவந்தார். விடுமுறைக்கு வந்த நான் பெருமையாக வாசித்துக் காட்டினேன். அந்தக் கணமே பாதங்களை எடுத்துக்கொண்டார்.

“அமெரிக்காக்காரன் பேருப்பா. சாமி பேரா?”

“யாரு பேரா இருந்தா என்ன? எழுத்துதானே. அதுல காலை வைக்கச் சொல்லுதியே, இதுக்காகவா ஒன்னயப் படிக்கப் போட்டேன்?”

“பேரைப் போட்டவனே மிதிக்கத்தான் போட்டிருக்கான்!”

“அவன் தெரியாமச் செஞ்சிட்டான். ஒனக்குமா தெரியல?”

சாக்கை விரித்து மறைத்தேன். அடியில் எழுத்து இருக்கத்தானே செய்கிறது என்றார். அரத்தால் அராவிவிடலாம் என்றேன். எழுத்தை அழிப்பதா என்று அன்று சோறே உண்ணவில்லை.

அதன்பின் வலக்கையால் சக்கரத்தைச் சுற்றி, இடக்கையால் துணியைத் தள்ளித் தைத்தார். எதிரே பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, “மெசினுக்கு நாலு காலு, ஒமக்கு ரெண்டு. ஆறு காலு இருந்தும் கையாலதான் ஓட்டுவீரோ வே?” என்பார். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். வேலை சுணங்கியது, வாடிக்கைக்காரர்கள் கலைந்தார்கள்.

அவ்வேளையில்தான் எங்கள் பள்ளி விடுதிப் பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை தைக்கும் வேலை வந்தது. கிறிஸ்துமஸுக்குள் முடிக்க வேண்டும். தவறினால் கடையை மூடிவிட்டுப் பழைய முதலாளியிடமே கூலிக்குப் போக வேண்டியதுதான். பாதித் துணி வெட்டியபடியே கிடக்க, அப்பாவின் தோள் வீங்கிவிட்டது. முக்காலியை இழுத்துப் போட்டு நான் உட்கார்ந்தேன்.

“நீங்க துணியப் பிடிங்க. நான் மிதிக்கேன். பாவம் எனக்கு வரட்டும்.”

அப்பா குனிந்து, அந்த எழுத்துகளைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

“பைய மிதிட்டி,” என்றார்.

துணிகள் உரிய நாளில் போய்ச் சேர்ந்தன. கடையும் நிலைத்தது. நான் ஆசிரியையான பின்னும் மாலைதோறும் இப்படியே நடந்தது. முதலில் அவர் தொட்டுக் கும்பிடுவார். பிறகே நான் மிதிப்பேன். காய்ச்சலில் கிடந்த கடைசி நாட்களிலும், “மெசினை யாரும் மிதிக்கலையே?” என்றுதான் கேட்டார்.

அந்நாட்களில் கஷாயம் காய்ச்சித் தந்து கண்விழித்த பெரியம்மாவுக்கும், தம் கடையைச் சாத்திவிட்டு வந்து பாடைக்குத் தோள் கொடுத்த அண்ணாச்சிக்கும், அம்மாவைத் தேற்றிய அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்று உங்களுக்கு அளிக்கும் துண்டுகளின் ஓரங்களை அந்த இயந்திரத்தில் நானே தைத்தேன். அது வெறும் கம்பெனிப் பெயர் என்று நன்றாகத் தெரிந்தவள் நான். ஆனால் தொட்டுக் கும்பிட அவர் இல்லை, கால் போகவில்லை. சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் முடித்தேன். ஓரம் எங்கேனும் கோணியிருந்தால் அதற்கு அப்பாதான் பொறுப்பு.